கார்பரேட்டர் காரை பைக் த்ராட்டில் பாடி கொண்டு இன்ஜெக்ஷனுக்கு மாற்றுவது எப்படி

நான்கு சிலிண்டர் ஸ்போர்ட்ஸ் பைக்கில் இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி செட் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால், பழைய கார் வைத்திருப்பவர்கள் அதை ஏன் தேடி அலைகிறார்கள் என்பது புரியும். சிலிண்டருக்கு ஒரு பட்டர்ஃபிளை (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு), பெட்ரோலைப் பீய்ச்சும் ஒரு இன்ஜெக்டர், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் ரெயில், த்ராட்டில் பொசிஷன் சென்சார், ரிட்டர்ன் ஸ்பிரிங் எல்லாம் ஒரே தொகுப்பாக வந்துவிடுகின்றன. கார்களுக்கென்றே தயாராகும் தனித்தனி த்ராட்டில் பாடிகளோடு ஒப்பிட்டால் விலையும் மிகக் குறைவு.

ஆனால் கண்ணைக் கவரும் அந்தப் பாகம்தான் இந்த வேலையில் எளிதான பகுதி. இப்படித் தொடங்கும் வேலைகள் பெரும்பாலும் பெட்ரோல் பாதையிலோ, கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) எங்கே இருக்கிறது என்று சொல்லும் சிக்னலிலோ தடுமாறி நிற்கின்றன. அதனால் வேலையின் வரிசை முக்கியம். கார்பரேட்டர் இன்ஜினில் இருக்கும்போதே முதலில் இக்னிஷனை இசியு (இன்ஜினை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர்) கட்டுப்பாட்டுக்கு மாற்றுங்கள். சில வாரம் அப்படியே ஓட்டுங்கள். அடுத்து பெட்ரோல் பாதையைப் போடுங்கள். த்ராட்டில் பாடி கடைசி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கோளாறு தீப்பொறியிலா, பெட்ரோலிலா, காற்றிலா என்று கண்டுபிடிக்கவே நாள்கள் போய்விடும்.

இன்ஜின் தகுதியானதா

நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் பாருங்கள். சிலிண்டர்களுக்கிடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். தேய்ந்த இன்ஜினை இன்ஜெக்ஷன் காப்பாற்றாது, அதன் நோயை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான்.

அடுத்து ஹெட்டைப் பாருங்கள். நான்கு இன்டேக் போர்ட் (காற்று நுழையும் வாய்) தனித்தனியாக இருந்தால் நல்லது. பழைய மினியில் வந்த ஏ-சீரிஸ் இன்ஜின் போல இரண்டு சிலிண்டர்கள் ஒரே போர்ட்டைப் பகிர்ந்துகொண்டால், முதல் முயற்சியாக அதைத் தொடாதீர்கள். ஒரு சிலிண்டருக்கு விட்ட பெட்ரோலைப் பக்கத்துச் சிலிண்டர் இழுத்துக்கொள்ளும். அதற்குத் தனி மென்பொருள் அமைப்பும் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சிக்னலும் வேண்டும். இன்டேக்கும் எக்ஸாஸ்ட்டும் ஹெட்டின் ஒரே பக்கம் இருக்கும் இன்ஜின்களில் வெப்பத்தடுப்புத் தகடு கட்டாயம். இல்லாவிட்டால் நிறுத்தி வைத்த வண்டியில் ரெயிலில் இருக்கும் பெட்ரோல் கொதித்து, சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாது.

த்ராட்டில் பாடி தேர்வு

விட்டம் பெரியதாக இருந்தால் பவர் கூடும் என்ற நினைப்பில் பலர் 46 மி.மீ. வாங்கிவிடுகிறார்கள். சாலையில் ஓடும் 1300 முதல் 1600 சி.சி. இன்ஜினுக்கு 38 முதல் 40 மி.மீ. போதும். 1800 முதல் 2000 சி.சி.க்கு 42 முதல் 45 மி.மீ. சரி. அளவுக்கு மீறிப் பெரிதாகப் போனால், பெடலை நூலளவு தொட்டாலே வண்டி துள்ளும், டிராஃபிக்கில் ஓட்ட முடியாது.

சுசூகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் வரிசையின் பாடிகளை அதிகம் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் ஒவ்வொரு துளையிலும் இரண்டு பட்டர்ஃபிளை இருக்கும். கேபிள் இழுப்பது ஒன்று, பைக்கின் இசியு சிறு மோட்டாரால் திறப்பது மற்றொன்று. மேலே இருக்கும் இந்த இரண்டாம் பட்டர்ஃபிளைகளையும் அவற்றின் தண்டையும் மோட்டாரையும் கழற்றிவிட்டு, தண்டு நுழைந்த ஓட்டைகளை அலுமினிய அடைப்பான் வைத்து மூட வேண்டும். பட்டர்ஃபிளை திருகுகளின் முனை நசுக்கப்பட்டிருக்கும். அப்படியே திருப்பினால் தலை உடையும். முனையை முதலில் அரைத்துவிட்டுப் பிறகு கழற்றுங்கள். சில மாடல்களில் சிலிண்டருக்கு இரண்டு இன்ஜெக்டர் உண்டு. கீழ்வரிசை மட்டும் போதும்.

கேபிள் இல்லாமல் மோட்டாரால் இயங்கும் த்ராட்டில்களைத் தவிருங்கள். யமஹா ஆர்6-இல் 2006-லும் ஆர்1-இல் 2007-லும் அந்த முறை வந்துவிட்டது. அவற்றை இயக்கும் திறன் எளிய இசியுக்களில் இல்லை.

பழைய செட் வாங்கும்போது ரெயில், இன்ஜெக்டர், பொசிஷன் சென்சார், ஹெட்டில் மாட்டும் ரப்பர் பூட், சில அங்குல வயரோடு வெட்டிய பிளக்குகள் எல்லாம் சேர்த்தே கேளுங்கள். ரப்பர் பூட்டும் பிளக்கும் தனியாகத் தேடினால் கிடைப்பது கஷ்டம். சுத்தம் செய்யும்போது பட்டர்ஃபிளையின் விளிம்பிலிருக்கும் கருப்புப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிடாதீர்கள். காற்றுக்கசிவைத் தடுப்பதற்காகத் தொழிற்சாலையில் அடித்தது அது.

பைக்கின் இசியுவையே காரில் வைத்தால் என்ன என்ற கேள்வி எப்போதும் வரும். வேண்டாம். அதன் மேப் (எப்போது எவ்வளவு பெட்ரோல் விடுவது என்ற அட்டவணை) வேறொரு இன்ஜினுக்கு எழுதியது. வண்டி சாய்ந்தால் அணைக்கும் சென்சார், சாவிப் பூட்டு, கேம் சென்சார் என்று அது எதிர்பார்ப்பவை எதுவும் காரில் இல்லை.

இன்ஜெக்டர் போதுமா

கணக்கு எளிது. ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு சுமார் அரை பவுண்டு பெட்ரோல் வேண்டும். 100 குதிரைத்திறனுக்கு 50 பவுண்டு. இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக்கூடாது என்பதால், நான்கு இன்ஜெக்டருக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 15.6 பவுண்டு வரும். மணிக்கு ஒரு பவுண்டு என்பது நிமிடத்துக்கு 10.5 சி.சி. ஆக, 3 பார் அழுத்தத்தில் நிமிடத்துக்கு 164 சி.சி. கொடுக்கும் இன்ஜெக்டர் வேண்டும். 600 சி.சி.க்கு மேற்பட்ட ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் இன்ஜெக்டர்கள் பொதுவாக 200 சி.சி.க்கு மேல் கொடுக்கும் என்பதால், டர்போ இல்லாத சாதாரண கார் இன்ஜினுக்குத் தட்டுப்பாடு வராது.

ஆனாலும் அளந்து பாருங்கள். நான்கையும் ரெயிலில் மாட்டி, அழுத்தம் கொடுத்து, நான்கு அளவுக் குடுவைகளில் 30 விநாடி திறந்து விடுங்கள். வேலையைத் திறந்த வெளியில், பக்கத்தில் தீயணைப்பானோடு, பற்றிக்கொள்ளாத சோதனைத் திரவம் கொண்டு செய்யுங்கள். நான்குக்குமிடையே 5 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்யக் கொடுங்கள். மல்டிமீட்டரில் 11 முதல் 16 ஓம் காட்டினால் இசியு நேரடியாக இயக்கும். 2, 3 ஓம் காட்டும் இன்ஜெக்டரை அப்படியே இணைத்தால் இசியுவுக்குள் இன்ஜெக்டரை இயக்கும் சர்க்யூட் எரிந்துபோகும்.

மேனிஃபோல்டும் இடைவெளியும்

கார் போர்ட்டுகளின் இடைவெளியும் பைக் பாடிகளின் இடைவெளியும் அநேகமாக ஒத்துப்போகாது. இரண்டு வழி உண்டு. குழாய்களை வளைத்துச் சரிக்கட்டலாம், அல்லது பாடிகளைப் பிரித்து இடைவெளியை மாற்றலாம். வித்தியாசம் 10 மி.மீ.க்குள் என்றால் முதல் வழி. அதற்கு மேல் போனால் பாடிகளைப் பிரிப்பதே நல்லது. கூர்மையாக வளைந்த குழாயில் பெட்ரோல் சுவரில் ஒட்டி நனையும்.

பிரித்தால், இணைக்கும் நீண்ட போல்ட்டுகளுக்குப் பதில் திரெட் தண்டும், நடுவே லேத்தில் கடைந்த ஸ்பேசரும் வேண்டும். பாடிகளுக்கு இடையிலான லிங்க்கையும் நீட்ட வேண்டும். பழைய ரெயில் இனி உதவாது. அலுமினியப் பட்டையில் நீளவாக்கில் துளைத்த புது ரெயில் செய்யக் கொடுங்கள். இன்ஜெக்டர் உட்காரும் குழியின் விட்டத்தைப் பழைய ரெயிலில் அளந்து அதையே கொடுங்கள், வாய் சரிவாகவும் உள்ளே வழவழப்பாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஓ-ரிங் மாட்டும்போதே வெட்டுப்படும். ரெயிலை பாடியோடு போல்ட் போட்டு இறுக்குங்கள். 3 பார் அழுத்தம் இன்ஜெக்டரைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

மேனிஃபோல்டுக்கு (பாடிகளை ஹெட்டோடு இணைக்கும் குழாய்த் தொகுப்பு) 10 மி.மீ. தடிமனுள்ள ஃபிளேஞ்ச், அதாவது ஹெட்டில் பதியும் தகடு, எடுங்கள். வெல்டிங் செய்தால் அது வளையும், தவிர்க்க முடியாது. பற்றவைத்து முடித்தபின் முகத்தை மில்லிங்கில் ஒருமுறை சமப்படுத்தச் சொல்லுங்கள். குழாயின் உள்விட்டம் போர்ட்டை நோக்கிச் சீராகக் குறைய வேண்டும், படி இருக்கக்கூடாது. ஒவ்வொரு குழாயிலும் 4 மி.மீ. வெற்றிடக் குழல் ஒன்று பற்றவைக்கச் சொல்லுங்கள். பிறகு சேர்ப்பது பெரிய தலைவலி.

பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் இடையே பைக்கின் ரப்பர் பூட் அல்லது தடித்த சிலிக்கான் ஹோஸ் வரலாம். பாடிகளின் எடையை ரப்பர் மட்டும் தாங்கக்கூடாது, ஒரு தாங்கி வேண்டும். அந்தத் தாங்கி இன்ஜினில்தான் பிடிக்க வேண்டும், கார் பாடியில் அல்ல. இன்ஜின் ஆடும், கார் பாடி ஆடாது. இரண்டுக்கும் இடையே மாட்டிக்கொண்ட பூட் சில வாரத்தில் கிழியும்.

பெடல் விஷயம் சின்னதுதான், ஆனால் மறக்கப்படுவது. பைக் புல்லி இழுக்கும் கேபிள் நீளத்தை அளந்து, கார் பெடல் அதே அளவு இழுக்கும்படி அமையுங்கள். பெடலுக்கடியில் ஒரு ஸ்டாப் வையுங்கள். இல்லாவிட்டால் காலின் பலமெல்லாம் பட்டர்ஃபிளை தண்டில் இறங்கி அதை முறுக்கிவிடும்.

பெட்ரோல் பாதை

கார்பரேட்டருக்குச் சுமார் 0.2 முதல் 0.3 பார் போதும். இங்கே 3 பார். பழைய ஹோஸ், பழைய கிளிப், பழைய ஃபில்ட்டர் எதையும் உயர் அழுத்தப் பக்கத்தில் விடாதீர்கள். ஹோஸில் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். பல் வெட்டிய சாதாரண கிளிப் ரப்பரை வெட்டும், இன்ஜெக்ஷனுக்கென்று வரும் சமவிளிம்பு கிளிப் போடுங்கள். உலோகக் குழாயின் முனையில் மேடு இல்லாமல் ஹோஸை வெறுமனே செருகி இறுக்கினால் ஒருநாள் கழன்றுவிடும்.

அடுத்த சிக்கல் காற்று. கார்பரேட்டர் காரின் டேங்க்கில் உள்தடுப்பு இருக்காது. பாதி டேங்க்கோடு வளைவில் திரும்பினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி, பம்ப் காற்றை இழுக்கும். கார்பரேட்டரில் கொஞ்சம் பெட்ரோலைத் தேக்கி வைத்திருக்கும் ஃபுளோட் சேம்பர் அந்த நொடியைச் சமாளித்துவிடும். இன்ஜெக்ஷனில் கலவை உடனே மெலிந்து, முழு லோடில் பிஸ்டனே பாதிக்கப்படலாம். இதற்கு 1 முதல் 1.5 லிட்டர் ஸ்வர்ல் பாட் (எப்போதும் பெட்ரோல் நிறைந்து நிற்கும் சிறு இடைத்தொட்டி) வேண்டும்.

ஓட்டம் இப்படி: டேங்க், கரடு ஃபில்ட்டர், பழைய குறை அழுத்தப் பம்ப், ஸ்வர்ல் பாட். பாட்டின் அடியிலிருந்து உயர் அழுத்தப் பம்ப், அதன்பின் 10 மைக்ரான் ஃபில்ட்டர், பிறகு ரெகுலேட்டர், ரெயில். ரெகுலேட்டர் திருப்பியனுப்பும் பெட்ரோல் பாட்டின் மேல்பகுதிக்கு வர வேண்டும். பாட்டின் உச்சியிலிருந்து ஒரு குழாய் டேங்க்குக்கு. காற்றுக் குமிழிகள் அதன் வழியே போய்விடும். உயர் அழுத்தப் பம்ப்பை பாட்டைவிடத் தாழ்வாக வையுங்கள். அது தள்ளும், இழுக்கத் தெரியாது.

டேங்க்குக்கு ரிட்டர்ன் வழி இல்லை என்றால், பெட்ரோல் அளவு காட்டும் சென்சாரின் தகட்டைக் கழற்றி அதில் ஒரு குழல் பொருத்துங்கள். காலி டேங்க்தானே என்று வெல்டிங் வைக்க நினைக்கவே வேண்டாம். நிறைந்த டேங்க்கைவிட ஆவி நிற்கும் காலி டேங்க் ஆபத்தானது.

பைக் ரெயிலுக்குப் பெரும்பாலும் ஒரே நுழைவாய்தான், பைக்கில் ரெகுலேட்டர் டேங்க்குக்குள்ளேயே இருக்கும். அதனால் ரெயிலுக்கு முன்பே ரெகுலேட்டரை வைத்து, ரெயிலை முட்டுச்சந்தாக விடலாம், ஒன்றும் கெடாது. ரெகுலேட்டரின் வெற்றிடக் குழலை எங்கும் இணைக்காமல் திறந்தே விடுங்கள். தனித்தனி த்ராட்டில்களில் வெற்றிடம் துடித்துக்கொண்டே இருக்கும், அதை நம்பினால் அழுத்தமும் சேர்ந்து ஆடும்.

பம்ப்புக்குத் தனி ரிலே, 15 ஆம்பியர் ஃப்யூஸ், 2.5 சதுர மி.மீ. வயர். ரிலேயை இசியு கட்டுப்படுத்தட்டும். சாவி போட்டதும் இரண்டு விநாடி ஓடி நிற்க வேண்டும், இன்ஜின் சுழன்றால் மட்டுமே தொடர வேண்டும். மோதலில் துண்டிக்கும் இனர்ஷியா ஸ்விட்ச் ஒன்றையும் சேருங்கள். பம்ப்பைச் சாவியிலிருந்து நேரடியாக இணைத்து, விபத்தில் இன்ஜின் நின்றபிறகும் பெட்ரோல் பீய்ச்ச விடுவதைவிட முட்டாள்தனம் இந்த வேலையில் வேறில்லை.

கிராங்க் சிக்னலும் இசியுவும்

மெகாஸ்குவர்ட், மைக்ரோஸ்குவர்ட், ஆர்டுயினோ மெகா 2560 பலகையில் ஓடும் ஸ்பீடுயினோ ஆகிய இசியுக்கள் இதற்கு ஏற்றவை. எதை எடுத்தாலும் அதற்கு கிராங்க் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். 36 பல்லில் ஒன்று இல்லாத சக்கரம் வழக்கமான தேர்வு, ஒரு பல்லுக்கு 10 டிகிரி. விட்டம் 150 மி.மீ. வாக்கில் இருந்தால் நல்ல சிக்னல் கிடைக்கும். சென்சாருக்கும் பல்லுக்கும் 0.8 முதல் 1 மி.மீ. இடைவெளி. சக்கரம் சுழலும்போது 0.25 மி.மீ.க்கு மேல் ஆடக்கூடாது. கிராங்க் புல்லி நடுவில் ரப்பர் உள்ள வகை என்றால், சக்கரத்தை உள்வட்டத்தில் பொருத்துங்கள். வெளிவட்டம் வயதான ரப்பரில் நழுவும், டைமிங்கும் கூடவே நழுவும்.

முதல் சிலிண்டர் மேல்முனைக்கு வருவதற்கு 60 முதல் 90 டிகிரி முன்பு, இல்லாத பல் சென்சாரைக் கடக்கும்படி அமையுங்கள். சென்சார் தாங்கி கனமான தகடாக இருக்கட்டும். மெல்லிய தகடு 5000 ஆர்பிஎம்மில் அதிரும், சிக்னல் அறுபடும்.

காந்தச் சென்சாரின் வயரில் உறைபின்னல் (ஷீல்டு) வேண்டும், அதை இசியு முனையில் மட்டும் எர்த் செய்யுங்கள். பிளக் வயர்களோடு சேர்த்துக் கட்டாதீர்கள். சென்சாரின் இரண்டு வயர்களும் இடம் மாறியிருந்தால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகலாம், ஆனால் ஆர்பிஎம் ஏற ஏற டைமிங் நகரும். டைமிங் லைட்டில் இதைப் பார்த்தால் உடனே வயரை மாற்றுங்கள். ரெசிஸ்டர் பிளக்கும் ரெசிஸ்டர் வயரும் கட்டாயம்.

காயிலுக்கு நான்கு முனையுள்ள பேக் ஒன்று போதும். 1-ம் 4-ம் ஒரு ஜோடி, 2-ம் 3-ம் ஒரு ஜோடி. கேம் சென்சார் தேவையில்லை. இவ்வளவையும் கார்பரேட்டர் இருக்கும்போதே முடித்துவிடலாம், அப்போது லோடை மேனிஃபோல்ட் அழுத்தச் சென்சார் சொல்லும்.

மற்ற சென்சார்கள்

த்ராட்டில் சென்சாரின் மூன்று காலில், த்ராட்டிலைத் திறந்தாலும் எந்த இரண்டுக்கிடையே ஓம் மாறவில்லையோ அவை 5 வோல்ட்டும் எர்த்தும். மூன்றாவது சிக்னல். தண்ணீர் வெப்பத்துக்கு, மீட்டருக்கான பழைய சென்சார் பயன்படாது, இரண்டு கால் உள்ளதை எடுங்கள். பாஷ் வகை 20 டிகிரியில் 2500 ஓம், 80 டிகிரியில் 320 ஓம் வாக்கில் காட்டும். காற்று வெப்பச் சென்சார் ஃபில்ட்டர் பெட்டிக்குள் இருக்கட்டும்.

வைட்பேண்ட் லாம்ப்டா (எக்ஸாஸ்ட்டில் உள்ள ஆக்ஸிஜனை வைத்துக் கலவையைக் காட்டும் சென்சார்) இல்லாமல் டியூனிங் செய்யவே முடியாது. நான்கு குழாயும் சேர்ந்தபின், முனை கீழ்நோக்கிச் சாய்ந்தபடி, கிடைமட்டத்துக்கு 10 டிகிரியாவது மேலே பொருத்துங்கள். மின்சாரம் கொடுக்காமல் சென்சாரை எக்ஸாஸ்ட்டில் விட்டு ஓட்டினால் கெட்டுவிடும்.

எர்த் எல்லாம் இன்ஜின் பிளாக்கில் ஒரே இடத்தில் சேர வேண்டும். சென்சார் எர்த் மட்டும் இசியுவுக்கே திரும்பட்டும்.

பிரேக் பூஸ்டரை மறக்காதீர்கள். மேனிஃபோல்டில் பற்றவைத்த நான்கு வெற்றிடக் குழல்களையும் ஒரு சிறு தொட்டியில் சேர்த்து, அங்கிருந்து ஒருவழி வால்வு மூலம் பூஸ்டருக்குக் கொடுங்கள். சாலைக்கு எடுப்பதற்கு முன் பிரேக்கைப் பலமுறை மிதித்துப் பாருங்கள். கிராங்க்கேஸ் புகையை ஒரே ஒரு குழாயில் விட்டால் அந்தச் சிலிண்டர் மட்டும் கெடும். அதைத் தனித் தொட்டிக்கு விடுங்கள்.

முதல் ஸ்டார்ட்

இன்ஜெக்டர் பிளக்குகளைக் கழற்றிவிட்டு பம்ப்பை மட்டும் 10 நிமிடம் ஓட்டி, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். பிறகு ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். திரையில் ஆர்பிஎம் நிலையாக நிற்க வேண்டும், சிக்னல் இழப்பு எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க வேண்டும். மென்பொருளில் டைமிங்கை 10 டிகிரியில் நிலைநிறுத்தி, லைட்டடித்து, புல்லியிலும் அதே 10 இருக்கும்வரை கோணத்தைத் திருத்துங்கள். இது சரியாகாமல் இன்ஜெக்டரை இணைக்காதீர்கள்.

இன்ஜெக்டர் திறப்பு நேரத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு. 1600 சி.சி. இன்ஜினில் ஒரு சிலிண்டருக்கு 400 சி.சி. காற்று, எடை சுமார் 0.47 கிராம். ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பதால், 14.7-ஆல் வகுத்தால் 0.032 கிராம் பெட்ரோல். நிமிடத்துக்கு 230 சி.சி. இன்ஜெக்டர் இதைக் கொடுக்க சுமார் 11.6 மில்லிவிநாடி ஆகும். 6500 ஆர்பிஎம்மில் ஒரு முழுச் சுழற்சிக்கு, அதாவது கிராங்க்கின் இரண்டு சுற்றுக்கு, கிடைப்பது 18.5 மில்லிவிநாடி. முழு லோடின் கூடுதல் பெட்ரோலையும் இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் ஒரு மில்லிவிநாடியையும் சேர்த்தால் சுமார் 14.4 வரும். சுமார் 78 சதவீதம், 80-க்குள்தான், கவலையில்லை.

பேலன்ஸும் டியூனிங்கும்

நான்கு வெற்றிட மீட்டரை மாட்டுங்கள். பெயின்ட் அடித்து முத்திரையிட்ட திருகைத் தொடாமல், மற்ற பாடிகளை அந்த ஒன்றுக்கு ஒப்பாகக் கொண்டுவாருங்கள். பாடிகளைப் பிரித்திருந்தால் 1-2, 3-4 என்று ஜோடிகளை முதலில் சரிசெய்து, பிறகு நடு லிங்க்கைத் தொடுங்கள். பேலன்ஸ் சரியாகும் முன் மேப்பைத் திருத்துவது வீண் வேலை. லாம்ப்டா காட்டுவது நான்கின் சராசரியை மட்டுமே.

லோடை வெற்றிடத்தால் அல்ல, த்ராட்டில் கோணத்தால் அளக்கும் ஆல்ஃபா-என் முறைதான் இங்கே ஒத்துவரும். அட்டவணையில் த்ராட்டில் அச்சைச் சமமாகப் பிரிக்காதீர்கள். 0, 1.5, 3, 5, 8, 12, 18, 25, 35, 50, 70, 100 என்று தொடக்கத்தில் நெருக்கமாக வையுங்கள். குறைந்த ஆர்பிஎம்மில் 35 சதவீதம் திறந்தாலே இன்ஜின் குடிக்கக்கூடிய காற்று முழுவதும் வந்துவிடும். அதற்கு மேல் வரும் கட்டங்களில் பெரிய மாற்றம் இராது.

ஐடிலில் 13.5 முதல் 14.2, சீரான ஓட்டத்தில் 14.5 வாக்கில், முழு த்ராட்டிலில் 12.6 முதல் 12.9 என்று கலவையை (ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று) இலக்கு வையுங்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் லேப்டாப்பைப் பார்க்க வேண்டும். முழு த்ராட்டிலை எப்போதும் பெட்ரோல் அதிகமான பக்கத்திலிருந்து அணுகுங்கள். நாக்கிங் சத்தம் கேட்டால் காலை எடுத்துவிட்டு டைமிங்கைக் குறையுங்கள். பிக்கப்பில் ஒரு நொடி தடுமாறினால் மேப்பைத் தொடாதீர்கள், த்ராட்டில் திறக்கும் வேகத்துக்கான கூடுதல் பெட்ரோலை ஏற்றுங்கள்.

வழக்கமான கோளாறுகள்

ஐடில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் பூட்டில் காற்றுக்கசிவைத் தேடுங்கள், குறைந்த அழுத்தத்தில் புகை செலுத்திப் பார்ப்பது பாதுகாப்பானது. வளைவில் மட்டும் இன்ஜின் மூச்சுத்திணறினால் ஸ்வர்ல் பாட்டுக்குப் பெட்ரோல் போதவில்லை. குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் சட்டென்று அறுபட்டு மீண்டும் வந்தால் கிராங்க் சென்சார் தாங்கி. குளிரில் ஸ்டார்ட் ஆகாமல் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைப் பாருங்கள்: வோல்டேஜ் விழுந்தால் இன்ஜெக்டர் திறக்கவும் தாமதமாகும், சுழற்றும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போகக்கூடாது. லாம்ப்டா மெலிவாகக் காட்டியும் பிளக் கருப்பாக இருந்தால் ஏதோ ஒரு சிலிண்டரில் கலவை தீப்பிடிக்கவில்லை. எரியாத ஆக்ஸிஜன்தான் சென்சாரை ஏமாற்றுகிறது, பெட்ரோலை ஏற்றினால் நிலைமை மோசமாகும்.

முதல் 500 கி.மீ.க்குப் பிறகு ஹோஸ் கிளிப்புகள், ரெயில் போல்ட்டுகள், பல்சக்கரத்தின் போல்ட்டுகள் மூன்றையும் மறுபடி இறுக்கிப் பாருங்கள். 10 மைக்ரான் ஃபில்ட்டரையும் அப்போதே மாற்றிவிடுங்கள். பழைய டேங்க்கின் துரு முதலில் அங்கேதான் வந்து சேரும்.